பிசானம் விளையுமுன் பொங்கும் பானை

பொங்கலை அறுவடைத் திருநாள் என்றே நாம் படித்து வந்திருக்கிறோம். காவிரிப் பாசனப் பகுதிக்கு அது பெரும்பாலும் பொருந்தும். சம்பா அறுத்து, புது நெல்லைக் குத்தி, அந்த அரிசியைத் தை முதல் நாளில் பானையில் இடுவது அங்கே இயல்பாக நடக்கக்கூடியது. தென்காசிச் சீமையின் கணக்கு வேறு.

இங்கே நெல்லுக்கு இரண்டு பருவங்கள். குற்றால மலையில் ஆனி, ஆடியில் விழும் சாரலை நம்பிச் செய்வது கார். அது புரட்டாசி, ஐப்பசியில் அறுவடைக்கு வரும். வடகிழக்குப் பருவமழையையும் குளங்களில் நிறையும் நீரையும் நம்பிச் செய்வது பிசானம். ஐப்பசி, கார்த்திகையில் நட்டால் மாசி, பங்குனியில்தான் அரிவாள் வயலில் இறங்கும். தை பிறக்கும் நாளில் சிற்றாற்றுக் கரை வயல்கள் பெரும்பாலும் பச்சையாகவே நிற்கும். முந்தி நட்ட வயலில் கதிர் தலைகாட்டியிருக்கலாம், அவ்வளவுதான். ஆக, இப்பகுதியில் பொங்கல் அறுவடைக்கு முன்னே வரும் அறுவடைத் திருநாள். பானையில் விழும் அரிசி, கார் விளைச்சலில் உண்டதுபோக மிஞ்சியது. மிஞ்சாத வீட்டில் கடன் வாங்கியது, அல்லது கடையில் வாங்கியது.

இந்தச் சிறிய உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டு பார்த்தால், பஞ்ச காலங்களிலும் போர்க் காலத்திலும் ஒரு குடும்பம் பொங்கல் சமையலை எப்படி ஒப்பேற்றியது என்பதன் வரலாறு தெளிவாகிறது. வீட்டுக் குதிரில் நெல் குறைந்திருக்கும் மாதத்தில் வரும் விருந்து அது. கூலியை நெல்லாக வாங்கிய உழவுத் தொழிலாளர் வீட்டில் நிலைமை இன்னும் கடினம். அறுவடைக்கு அறுவடைதான் அவர்களுக்கு நெல் பார்வையில் படும். கார் அறுப்புக் கூலி கரைந்து, பிசான அறுப்பு தொடங்காத இடைவெளியில் தை வந்து நிற்கும்.

பொங்கலுக்கு இங்கே என்ன சமைப்பார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முற்றத்தில் கோலமிட்டு, மண்ணால் செய்து வெள்ளையும் காவியும் பூசிய பொங்கல் கட்டிகளை அடுப்பாகக் கூட்டி, பனையோலையால் தீ மூட்டுவார்கள். பானையின் கழுத்தில் மஞ்சள் குலை கட்டப்பட்டிருக்கும். பச்சரிசிப் பொங்கலுக்குத் துணையாக வருபவை நாட்டுக் காய்களும் கிழங்குகளும். பூசணி, அவரை, வாழைக்காய், கத்தரி, சேனை, கருணை, சேம்பு, சீனிக்கிழங்கு, எல்லாவற்றுக்கும் மேலாகச் சிறுகிழங்கு. சிறுகிழங்கு இல்லாத பொங்கலை நெல்லைக்காரர் பொங்கல் என்றே ஒப்புவதில்லை. மார்கழி, தையில் தோண்டப்படும் பனங்கிழங்கும் உண்டு. எஞ்சிய குழம்பையும் காய்களையும் ஒன்றாகச் சேர்த்து மறுநாள் சுண்டவைத்தால் அது சுண்டக்கறி. மணமான பெண்ணின் வீட்டுக்கு அரிசி, வெல்லம், கரும்பு, காய்கறி, மஞ்சள் குலை என்று பிறந்த வீட்டார் கொண்டுபோய்க் கொடுக்கும் பொங்கல் படியும் இவ்விருந்தின் ஒரு பகுதியே.

இப்பட்டியலை அரிசி ஒரு பக்கமும் மற்றவை ஒரு பக்கமுமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கிழங்கும் காயும் பனையும் வீட்டுக் கொல்லையிலும் ஊர் எல்லைக்குள்ளும் கிடைப்பவை. அரிசியோ, ஊரில் விளைந்தாலும், ஊருக்கு வெளியே நடக்கும் காரியங்களுக்குக் கட்டுப்பட்டது.

1930களில் இது முதலில் விலை வழியாகத் தெரிந்தது. உலகப் பொருளாதாரம் சரிந்த அந்த ஆண்டுகளில் நெல் விலை வீழ்ந்தது. பர்மாவிலிருந்து கப்பலில் வந்த மலிவான அரிசி அந்த வீழ்ச்சியை இன்னும் ஆழப்படுத்தியது. சயாம், இந்தோசீனப் பகுதிகளிலிருந்து வந்து குவிந்த நொய்யரிசிக்கு 1935இல் இந்திய அரசு இறக்குமதி வரி விதிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. குதிரில் நெல் இருந்தும் கையில் காசில்லாத விவசாயி, கிஸ்தியையும் வட்டியையும் பணமாகவே கட்ட வேண்டியிருந்தது. வெல்லம் வாங்கவும் புதுத்துணி எடுக்கவும் முன்னைவிட அதிக நெல்லை விற்றாக வேண்டும். விருந்தின் பிற செலவுகளுக்காக விருந்தின் அரிசியையே விற்ற காலம் அது.

பிறகு 1942 வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. சரியாக மூன்று வாரம் கழித்து, மார்ச் 8ஆம் நாள் ரங்கூன் வீழ்ந்தது. உலகப் போர் வரலாற்றில் இவை இரண்டு தேதிகள். தென்காசி வட்டாரத்து அடுப்படிகளில் இவை இரண்டு வாசல்கள் அடைபட்ட நாட்கள்.

முதல் வாசல் பணம். தென்காசி, கடையநல்லூர் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றின் ஆண்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே சிங்கப்பூரிலும் மலாயாவிலும் உழைத்துவந்தனர். தஞ்சோங் பகார் துறைமுகப் பகுதியில் இவ்வூரார் திரளாக வாழ்ந்தனர். அவர்கள் அனுப்பிய பணத்தில்தான் ஊரில் அடுப்பெரிந்தது, பெருநாள் நெய்ச்சோறு வெந்தது. ஜப்பானிய ஆட்சி நீடித்த மூன்றரை ஆண்டுகள் அந்தப் பணம் வரவில்லை. கடிதமும் வராததால், அனுப்பிவந்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாத நிலை. உள்ளூரில் தறி நெய்து பிழைக்கலாம் என்றாலோ நூல் தட்டுப்பாடு.

இரண்டாம் வாசல் அரிசி. ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி ஒரேயடியாக நின்றது. 1943இல் வங்கத்தில் நேர்ந்த பஞ்சத்தில் முப்பது லட்சம் பேர் வரை மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். சிற்றாற்றுப் பாசனம் கொண்ட தென்காசி அத்தகைய கொடுமையைக் காணவில்லை. ஆனால் மலைக்கு மேற்கே இருந்த திருவிதாங்கூர், தனக்கு வேண்டிய அரிசியில் பாதியைக்கூட விளைவிக்காத சமஸ்தானம். பர்மா அரிசி நின்றதும் அங்கே மரச்சீனிக்கிழங்கு ஏழைகளின் அன்றாடச் சோறாயிற்று. கிழக்கே இருந்த நெல்லுக்கு மேற்கில் என்றுமில்லாத கிராக்கி ஏற்பட்டது. நெல் விளையும் ஊரிலேயே நெல் அரிதானது இவ்வாறுதான்.

இவ்விடத்தில் எல்லையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தென்காசி சென்னை மாகாணத்தில் இருந்தது. எட்டுக் கிலோமீட்டர் தொலைவில் உள்ள செங்கோட்டையோ 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்–கொச்சி ஆட்சியில் இருந்தது. மொழி ஒன்று, சிற்றாற்று வட்டாரத்துச் சமையல் ஒன்று, கொள்வினை கொடுப்பினையும் ஒன்றுக்குள் ஒன்று. 1904இல் ஆரியங்காவுக் கணவாய் வழியே கொல்லத்துக்கு ரயில் ஓடத் தொடங்கிய பின் போக்குவரவும் பெருகியிருந்தது. உணவு தானியக் கட்டுப்பாடு வந்தபோது, அனுமதிச் சீட்டு இல்லாமல் அரிசியை எல்லை தாண்டிக் கொண்டுபோவது குற்றமாயிற்று. கள்ளச்சந்தைக்காரனைத் தடுக்க வந்த சட்டம் அது. ஆனால் தென்காசியில் பிறந்து செங்கோட்டையில் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்கு எடுத்துச் செல்லும் பொங்கல் படியையும், மலைக்கு மேற்கே இரட்டை விலைக்கு விற்கக் கடத்தும் மூட்டையையும் சட்டத்தின் எழுத்து வேறுபடுத்திப் பார்க்கவில்லை. இரண்டும் அரிசிதான்.

கட்டுப்பாட்டின் கணக்கு முறையே அப்படிப்பட்டது. 1943இல் கிரிகரி தலைமையிலான உணவு தானியக் கொள்கைக் குழு, ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் என்ற அளவைப் பரிந்துரைத்தது. நகரங்களில் ரேஷன் அட்டை வந்தது. கிராமங்களில் உண்பதற்கும் விதைக்கும் கூலிக்கும் ஒரு பங்கை விட்டுவிட்டு, எஞ்சிய நெல்லை அரசு நிர்ணயித்த விலைக்குக் கொடுக்கச் சொன்னார்கள். பெருந்திரள் மக்களைப் பட்டினியிலிருந்து காக்க வேறு வழி இருந்திருக்காது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் தலைக்கு இத்தனை என்ற அந்தக் கணக்கில் விருந்தாளிக்கு இடமில்லை. பண்டிகைக்கு வந்து சேரும் மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் வேறோர் ஊரின் பட்டியலில் எண்ணப்பட்டவர்கள். அவர்களுக்கு இலை போடுவதென்றால் வீட்டார் தம் பங்கைக் குறைத்தாக வேண்டும். யார் பங்கு குறைந்திருக்கும் என்பதை நம் வீடுகளில் யார் கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள் என்பதைக் கொண்டு ஊகித்துக்கொள்ளலாம்.

குற்றால விருந்து என்றவுடன் இலக்கிய வாசகர்களுக்கு ரசிகமணி டி.கே.சி.யின் வீடு நினைவுக்கு வரும். ராஜாஜியும் கல்கியும் இன்னும் பலரும் சாரலுக்காகவும் அவர் பேச்சுக்காகவும் அங்கே வந்து தங்கியதைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. இட்லியின் மென்மையும் கம்பனின் பாட்டும் ஒரே அமர்வில் சிலாகிக்கப்பட்ட அந்த விருந்தோம்பலின் புகழுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த அமர்வுகளில் ஒரு பகுதி நடந்தது இந்தக் கட்டுப்பாட்டு ஆண்டுகளில்தான் என்பதை நாம் சேர்த்து நினைப்பதில்லை. இலையில் விழுந்தது எழுத்தில் பதிவாகிறது. அதற்காக அடுப்படியில் அளந்து அளந்து எடுக்கப்பட்ட அரிசி பதிவாவதில்லை. டி.கே.சி.யின் விருந்தினரான அதே ராஜாஜிதான் 1952 ஏப்ரலில் சென்னை மாகாண முதலமைச்சரானார். ஜூன் மாதத்தில் அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கினார். ஏறத்தாழ பத்தாண்டுக்குப் பின், 1953 தையில், சட்டத்துக்கு அஞ்சாமல் பொங்கல் அரிசி வாங்க முடிந்தது.

நிம்மதி நெடுநாள் நிலைக்கவில்லை. 1964இல் கேரளம் முழுவதும் ரேஷன் முறை வந்தது. செங்கோட்டை அதற்குள் சென்னை மாநிலத்தோடு இணைந்துவிட்டதால், எல்லைக் கோடு புளியரைக்கும் ஆரியங்காவுக்கும் இடையே நகர்ந்திருந்தது. அரிசி மேற்கே ஏறுவதும் காவலர் மறிப்பதும் அந்தப் பாதையில் தொடர்ந்தன. 1965இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, திங்கட்கிழமை இரவுச் சோற்றைத் துறக்கும்படி நாட்டைக் கேட்டுக்கொண்டார். 1967 தேர்தலில் ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்ற தி.மு.க.வின் முழக்கம் ஆட்சியையே மாற்ற உதவியது. ஒரு படித் திட்டம் முதலில் சென்னைக்கும் கோவைக்கும்தான் கிடைத்தது. தென்காசி போன்ற ஊர்களுக்குப் பொது விநியோகம் முழுமையாக எட்ட இன்னும் காலம் பிடித்தது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கப்பட்டது அந்தப் பயணத்தின் முக்கியமான படி.

இந்த நீண்ட காலத்தில் குடும்பங்கள் கைக்கொண்ட வழி ஒன்றுதான். விருந்தின் உருவத்தை விடவில்லை, அளவைக் குறைத்தார்கள். பெரிய பானைக்குப் பதில் சிறிய பானை பொங்கியது. பொங்கி வழிவதற்குப் பானை சிறியதாக இருப்பது ஒரு தடையே இல்லை. அரிசி குறைந்த இடத்தைக் கிழங்கு நிரப்பியது. குழம்பில் பருப்பு குறைந்து காய் கூடியது. சீனி கிடைக்காத இடத்தில் கருப்புக்கட்டி கைகொடுத்தது. தானம் தருபவர்க்கும் பெறுபவர்க்கும் தலைகுனிவு வராதபடி, பொங்கல் படியில் ஒரு படி அரிசியாவது வைக்கப்பட்டது. வடிவம் மாறாமல் இருந்ததால், வறுமை அந்த ஒரு நாளில் வெளியே தெரியவில்லை. சடங்கு என்று நாம் சில சமயம் எளிதாக ஒதுக்கிவிடுவது, இல்லாமையை மறைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்க ஏழைக்குக் கிடைத்த கருவியாகவும் இருந்திருக்கிறது.

2009 முதல் அரசே பொங்கலுக்கென்று பச்சரிசியும் வெல்லமும் பருப்பும் கொண்ட பையை வழங்கத் தொடங்கியது. பின்வந்த ஆட்சிகள் அதைத் தொடர்ந்தன. 2019இல் ஆயிரம் ரூபாய், 2021இல் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய், 2022இல் பணமின்றி 21 பொருள்கள், 2025இல் பணமின்றி ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக் கரும்பு என்று அதன் உள்ளடக்கம் ஆண்டுதோறும் மாறிவருகிறது. இதை வாக்குக்கான இலவசம் என்று இகழ்வோர் உண்டு. தேர்தல் கணக்கு அதில் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பிசானம் விளையாத தையில் பானைக்கு அரிசி தேடிய ஒரு பகுதியின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு, அந்த ஒரு கிலோ பச்சரிசி சரியான மாதத்தில் வருகிறது என்பது புரியும். அறுவடைக்குப் பிறகு கொடுத்திருந்தால் அதற்கு இத்தனை மதிப்பு இராது.

அந்தப் பையில் சிறுகிழங்கு இல்லை. அதை இன்றும் தென்காசிச் சந்தையில், மண் ஒட்டியபடி, தனியாகத்தான் வாங்க வேண்டும்.