வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம் (ஜெர்மனி)

வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம் (ஜெர்மன் சுருக்கம்: ஜிஎம்பிஎச்) என்பது ஜெர்மனியில் பரவலாகக் காணப்படும் நிறுவன வகைகளுள் ஒன்றாகும். இதன் கடன்களுக்கு நிறுவனத்தின் சொத்து மட்டுமே பொறுப்பாகும். உரிமையாளரின் சொந்தச் சொத்து பொறுப்பாகாது. இதற்கான சட்டம் 1892 இல் இயற்றப்பட்டது. ஒருவர் தனித்தும் இதனை நிறுவலாம்.

நிறுவும் படிமுறைகள்

1. நிறுவன ஒப்பந்தத்தை நோட்டரி முன்னிலையில் கையொப்பமிடல். 2022 ஆகஸ்ட் முதல் இதனைக் காணொளி வழியாகவும் செய்யலாம்.
2. நிறுவனத்தின் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கி மூலதனத்தைச் செலுத்துதல்.
3. நோட்டரி மூலம் நீதிமன்றத்தின் வணிகப் பதிவேட்டில் பதிதல்.
4. உள்ளூராட்சி அலுவலகத்தில் தொழிலை அறிவித்தல். வரி அலுவலகத்தில் பதிதல்.

செலவுகள்

குறைந்தபட்ச மூலதனம் 25,000 யூரோ ஆகும். பணமாக முதலிடுவோர் பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன் 12,500 யூரோவையாவது செலுத்த வேண்டும். இது கட்டணம் அன்று. தொழிலுக்குப் பயன்படுத்தத்தக்க பணமாகும். நோட்டரி, நீதிமன்றக் கட்டணங்கள் தனியானவை. அவை சட்டத்தால் வரையறுக்கப்பட்டவை என்பதால் பேரம் பேச இயலாது.

பதிவுக்கு முந்திய பொறுப்பு

பதிவேட்டில் பதியப்படும் வரை இப்பாதுகாப்பு கிடைக்காது. அதற்கு முன் நிறுவனத்தின் பெயரில் வாடகை ஒப்பந்தம் போன்றவற்றைச் செய்வோர் தாமே அதற்குப் பொறுப்பாவர்.

தொழில்முனைவோர் நிறுவனம்

சிறு முதலீட்டாளருக்காக 2008 இல் இவ்வகை அறிமுகப்படுத்தப்பட்டது. இதனை 1 யூரோ மூலதனத்துடன் தொடங்கலாம். எனினும், மூலதனம் 25,000 யூரோவாக உயர்த்தப்படும் வரை ஆண்டு இலாபத்தில் கால் பங்கை ஒதுக்கி வைத்தல் கட்டாயமாகும்.