பாலாவுக்கு வாய்த்த படம், ஜெயம்மாளுக்கு வாய்க்காத படம்

நடனக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றி சத்யஜித் ராய் எடுத்த ‘பாலா’ ஆவணப்படம் 1976இல் வெளிவந்தது. மும்பையின் தேசிய நிகழ்கலை மையமும் தமிழ்நாடு அரசும் சேர்ந்து அதைத் தயாரித்தன. அப்போது பாலாவுக்கு வயது 58.

அந்த அரசுப் பணத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1947இல் சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடை செய்தது. சிறுமிகளைக் காக்க அந்தச் சட்டம் தேவைப்பட்டது. ஆனால், தலைமுறைகளாக ஆடியும் பாடியும் வந்த பெண்களின் கலை அறிவை என்ன செய்வது என்பதற்கு அதில் விடை இல்லை. அவர்கள் ஆடிய சதிர், ‘பரதநாட்டியம்’ என்ற புதுப்பெயரோடு உயர்சாதி வீட்டுப் பெண்களிடம் போய்ச் சேர்ந்தது. தஞ்சை அரசவை வரை வேர் கொண்ட குடும்பத்தில் பிறந்த பாலா, அந்த மாற்றத்துக்கு நடுவிலும் தன் பாணியை விட்டுக்கொடுக்காமல் ஆடினார்.

அவருக்கு 1957இல் பத்மபூஷண், 1973இல் சங்கீத கலாநிதி. இவற்றுக்கெல்லாம் பிறகே இந்தப் படம். கடற்கரையில் காற்று முந்தானையை அலைக்க, அவர் ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’வுக்கு அபிநயம் பிடிக்கும் காட்சி நமக்குக் கிடைத்த பெரும் சொத்து.

ஆனால், ராய் இந்தப் படத்தை 1966இலேயே எடுக்க எண்ணியிருந்தார். பாலாவின் அம்மா ஜெயம்மாள் 1967இல் இறந்தார். மகளின் அபிநயத்துக்குப் பல ஆண்டுகள் பாடியவர் அவர். அம்மா பாட மகள் ஆடிய அந்த உறவை ராயின் கேமரா பதிவு செய்திருக்கலாம். பத்தாண்டுத் தாமதத்தில் அந்த வாய்ப்புப் போயிற்று. பாட்டி வீணை தனம்மாளுக்கோ சில இசைத்தட்டுகளே மிஞ்சின.

பண்பாட்டு ஆவணப்படங்களுக்கு நிதி தருபவர்கள் பெரும்பாலும் விருது பெற்ற ஒருவரைத் தேடுகிறார்கள். பெண்களின் கலையோ வீட்டுக்குள் பல பேரின் உழைப்பில் வளர்ந்தது: கற்றுக்கொடுத்த பாட்டி, பின்பாட்டுப் பாடிய அம்மா, கூடவே இருந்த சகோதரிகள். விருது வரும்வரை காத்திருந்தால் இவர்களில் பலர் இருக்கமாட்டார்கள்.

நாளை நிதி கேட்டு விண்ணப்பிக்கப்போகும் மாணவிகள், கலைஞரின் பெயரோடு அவருக்குப் பாடுகிறவர், சொல்லிக்கொடுத்தவர் பெயர்களையும் சேர்த்து எழுதலாம். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே படப்பிடிப்புக்குப் பணம் கேட்கலாம்.