ஏரி வேலைக்கு யார் வந்தார்கள்? விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் கூட்டுழைப்பின் வரலாறு

முன்பெல்லாம் ஊர் கூடி ஏரியைத் தூர் வாரினார்கள், இப்போது தண்டோரா போட்டாலும் யாரும் வருவதில்லை என்பது விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் பழகிப்போன அங்கலாய்ப்பு. இணையக் குழுமங்களை நடத்துகிறவர்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள்: பெயர் கொடுத்தவர்கள் ஆயிரம் பேர், வேலை செய்கிறவர்கள் பத்துப் பேர். இரண்டு இடத்திலும் பழி மக்களின் மனப்பான்மை மீது விழுகிறது. இவ்வட்டார ஏரிகளின் ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றைப் புரட்டினால் அந்தப் பழி நிற்காது. பலனில் பங்கும் முடிவில் குரலும் உள்ளவர் கூப்பிடாமலே வந்திருக்கிறார். இரண்டில் ஒன்று இல்லாதவரை வரவழைக்கத்தான் கட்டாயமோ கூலியோ தேவைப்பட்டிருக்கிறது.

சென்னை மாகாணத்துக்கென 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. ஊர் வழக்கப்படி கூட்டாகச் செய்யும் பாசன வேலைக்குத் தக்க காரணமின்றி வர மறுப்பவர், அந்த உழைப்பின் மதிப்பைப் போல் இரு மடங்கு கட்ட வேண்டும் என்றது அது. ஊரார் கூடி ஏரியைப் பராமரிக்கும் குடிமராமத்து ஆழ வேரூன்றியிருந்ததற்குச் சான்றாக இச்சட்டத்தைக் காட்டுவதுண்டு. எனக்கு அது நேர்மாறாகவே படுகிறது. தானாக நடக்கும் காரியத்துக்குத் தண்டம் எதற்கு? களத்துமேட்டில் நெல் அளக்கும்போதே ஏரிக்கும் நீர் பாய்ச்சுபவருக்கும் பங்கு ஒதுக்கிய முறை, ஒவ்வொரு பட்டாதாரரும் தனித்தனியே பணமாகத் தீர்வை கட்டும் இரயத்துவாரியில் நலிந்தது. நஞ்சைத் தீர்வை கஜானாவுக்குப் போயிற்று. வரத்துக் கால்வாயில் மண்டிய புதரும் கரையில் விழுந்த ஓட்டையும் ஊரின் தலையில் விடிந்தன. எது பெரிய மராமத்து, எது சில்லறை வேலை என்ற இழுபறியில் இரு தரப்பும் மற்றவருக்காகக் காத்திருந்தன.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஆய்வாளர் டேவிட் மோஸ் 2003இல் வெளியிட்ட ‘தி ரூல் ஆஃப் வாட்டர்’ நூலில், தொன்மையான ஊர்க்கூட்டுப் பராமரிப்பு என்ற சித்திரமே ஓரளவு காலனிய நிர்வாகத்தின் புனைவு என்று வாதிடுகிறார். முழுப் புனைவு என்று சொல்ல முடியாது. அண்டையில் உள்ள உத்திரமேரூரின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைப் பற்றித் தெளிவாகவே பேசுகின்றன. ஆனால் அதே கல்வெட்டுகள் வாரியத்தில் அமர வரி கட்டும் நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் வேண்டும் என்கின்றன. முடிவெடுத்தவர் யார் என்பதைக் கல் சொல்கிறது; மண் சுமந்தவர் யார் என்பதைச் சொல்லவில்லை.

அதை ஊகிக்க உதவும் ஆவணம் விழுப்புரத்துக்கு அருகிலேயே கிடைக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களைக் கொண்டு ஆராய்ந்த ஊர்களில் இருவேல்பட்டும் ஒன்று. நிலம் ஒரு சிலர் கையில். கல்யாணச் செலவுக்குப் பட்ட கடனை அடைக்க முடியாமல் அவர்களிடமே உழைத்துக் கிடந்த படியாட்கள் பலர். இத்தகைய ஊரில் பட்டாதாரரின் ‘பங்கு உழைப்பு’ யார் கையால் நடந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோர் 2008இல் அங்கே மறுஆய்வு செய்தபோது பழைய நிலக்கிழாரின் பிடி தளர்ந்திருந்தது. கூட்டுழைப்பு குலைந்ததை வெறும் பண்பாட்டுச் சரிவு என்று புலம்புவோர், அதே காலத்தில் படியாள் முறையும் குலைந்ததை மறந்துவிடுகிறார்கள்.

பலன் பக்கமும் மாறியது. திண்டிவனம் பக்கம் நிலக்கடலையும் கிணறும் பெருகின. பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் 1984இல் சிறு விவசாயிகளுக்குத் தொடங்கி, பின்னர் எல்லோருக்கும் விரிந்தது. கிணற்றில் ஊறுவதும் ஏரியின் தண்ணீர்தான். ஆனால் மதகைத் திறக்கும் முறைக்காகக் காத்திருக்க வேண்டிய தேவை வசதியுள்ளவருக்கு இல்லாமற்போனது. ஊரில் சொல் செல்லுபடியானவர்களே முதலில் விலகினார்கள். மீன் குத்தகையும் ஏரிக்குள் வளர்த்த கருவேல மரங்களும் ஏலத்துக்குப் போன பிறகு, மற்றவர்களுக்கும் ஏரி ‘கவர்மெண்ட் சொத்து’ ஆகிவிட்டது.

பிறகு 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலைத் திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் அது முதலில் தொடங்கிய ஆறு மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. மண்வெட்டியும் அன்னக்கூடையுமாக ஏரிக்குள் மறுபடியும் கூட்டம், பெரும்பாலோர் பெண்கள். கூலி கொடுத்தால் வருகிறார்களே, குரலும் பங்கும் எதற்கு என்று கேட்கலாம். கூலி ஆளை வரவழைக்கும் என்பதில் ஐயமில்லை, அதில் இழிவும் இல்லை. படியாளாக வந்த தலைமுறைக்குப் பின் கூலிக்கு வருவது பெரிய முன்னேற்றம். ஆனால் நீளம், அகலம், ஆழம் அளந்து கூலி போடும் வேலையில் கவனம் குழியின் அளவில்தான் நிற்கும். எங்கே வெட்டினால் தண்ணீர் மதகுக்கு ஏறும் என்பதை வெட்டுகிறவரிடம் யாரும் கேட்பதில்லை. மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள் என்ற ஏளனம் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

2017இல் அரசு குடிமராமத்தை மீட்டெடுத்தபோது, செலவில் பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தர வேண்டும் என்றது. பாசன விவசாயிகள் சங்கத்தின் பெயரில் ஒப்பந்ததாரர்களே வேலையை முடிக்கிறார்கள் என்ற புகார் விரைவிலேயே பரவியது. பங்களிப்பு மேலிருந்து விதிக்கப்பட்டால் அது காகிதத்தில்தான் செலுத்தப்படும். அதே ஆண்டு வண்டல் மண்ணை இலவசமாக அள்ள அளித்த அனுமதியை நான் இதைவிட உயர்வாக மதிப்பேன்; வயலுக்கு உரமாகும் மண்ணை அள்ளிப் போகிறவர் ஏரியையும் ஆழமாக்குகிறார்.

கணினி வழிக் கூட்டுமுயற்சி ஒன்றும் இதே மண்ணை ஒட்டி நடந்தது. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியின் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. இடத்தையும் தன்னார்வலர்களையும் ஊர் தர வேண்டியிருந்தது. என்ன தகவல் வேண்டும் என்பதும் ஊரின் தேவையைக் கேட்டே முடிவாயிற்று. வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு வேண்டியிருந்தது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அதைக் கேட்கச் சொல்லி யாரும் பிரசாரம் செய்யத் தேவைப்படவில்லை.

ஏரிக்கு அப்படியொரு வாய்ப்பு 2000ஆம் ஆண்டுப் பாசன மேலாண்மைச் சட்டத்தில் இருந்தது. நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு அது வழி செய்தது, தேர்தலும் உண்டு. வாக்குரிமை ஏரி நீர் பாயும் ஆயக்கட்டில் நிலம் உள்ளவருக்கு. ஆயக்கட்டில் ஒரு சென்ட்கூட இல்லாமல் அன்னக்கூடை சுமக்கும் பெண்ணுக்கு அச்சங்கத்தில் இடமில்லை.