மருதக்கலியும் திரைப்படமும்: கணவன் பொய்யும் மனைவி வினாவும்

தலைவன் பரத்தையிற் பிரிதலும், மீண்டு வந்து வாயில் வேண்டுதலும், தலைவி ஊடி மறுத்தலும் மருதப் பாடல்களின் பொருளாதல் யாவரும் அறிந்ததே. ஆயின் அப்பாடல்களைக் கற்குங்கால் நம் நோக்கு அவன் ஒழுக்கக் கேட்டின்மேற் செல்லும் அளவிற்கு, அதனை மறைக்க அவன் கூறும் பொய்யின்மேற் செல்வதில்லை.

மருதன் இளநாகனார் பாடிய மருதக்கலியுள் அப்பொய் விரிவாகவே வருகின்றது. காலந்தாழ்த்து வந்த தலைவன் ஒரு பாட்டில் கடவுளரிடைத் தங்கினேன் என்பான். ஒன்றில் குறும்பூழ்ப் போர் கண்டேன் என்பான். பிறவற்றில் குதிரை ஊர்ந்தேன், யானை ஏறினேன், வையைப் புதுப்புனல் ஆடினேன் என்பான். தலைவியோ, ‘பொய்’ என்று கூறி அமைதல் இல்லை. அவன் வாய்ச்சொல்லையே வாங்கி, அக்குதிரை யாது, அதன் அணிகள் யாவை என உறுப்புறுப்பாக விரித்து, அது பரத்தையே என நிறுவுகின்றாள். வழக்குமன்றக் குறுக்கு வினாவும் இதற்கு ஈடாகாது. இப்பகுதியைப் பாடஞ்சொல்லும்போது வகுப்பில் நகை எழாத ஆண்டினை யான் கண்டதில்லை.

1936-இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’யில் இவ்வினாத் திறம் இல்லை. எஸ். எஸ். வாசன் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையை எல்லிஸ் ஆர். டங்கன் படமாக்கினார். எம். ஜி. இராமச்சந்திரன் முதன்முதல் தோன்றிய படம் என்பதனாலேயே இன்று அது பெரிதும் நினைக்கப்படுகின்றது. கணவன் கிருஷ்ணமூர்த்தி பிறளொருத்திபால் மயங்குதற்குக் குடியும் தீநட்புமே காரணமாகக் காட்டப்பட்டன. அவன் இலங்கைத் தோட்டத்திற்கு ஓடிவிட, மனைவி துயருற்றுக் காத்திருக்கின்றாள். குற்றம் கள்ளின்மேல் ஏற்றப்பட்டமையின், கணவனை வினவ வேண்டுவதே இல்லையாயிற்று. குடியின் தீமையை உணர்த்த வந்த கதைக்கு அது பொருந்தலாம். எனினும் ‘சதி’ என்னும் அடைமொழிக்கு அவள் ஈந்த விலை தன் பேச்சே எனல் வேண்டும்.

அவ்வினாவை மீளக் காண்பது பாலு மகேந்திராவின் படங்களில். ‘இரட்டை வால் குருவி’ (1987) இருதார மணத்தை நகைப்பொருளாக்கிற்று. ‘மறுபடியும்’ (1993) அத்தகையதன்று. திருந்தி வந்த கணவனை நோக்கித் துளசி கேட்பது ஒன்றே: இதனை யான் செய்து மீண்டிருப்பின் நீர் ஏற்றிருப்பீரோ? அவனால் ஆம் எனல் இயலவில்லை. அவளும் அவனை ஏற்றிலள். படம் மகேஷ் பட்டின் இந்திப் படமாகிய ‘அர்த்’ (1982) என்பதன் தழுவலாதலின், இதனைச் சங்க மரபின் நேர்வழித் தோன்றலாக யான் கூறவில்லை. ஒப்பு நோக்கில் ஒன்று மட்டும் தெளிவு. மருதத்துத் தலைவி பொய்யை உடைப்பாள். பின்னர்ப் புதல்வனை முன்னிட்டேனும் வாயில் நேர்வாள். தன்னை அவனிடத்து நிறுத்தி வினவுவாளை மருதக்கலியுள் யான் கண்டிலேன்.

ஆயினும் வரலாறு நேர்கோட்டிற் செல்லவில்லை. இரண்டே ஆண்டில் அவ்வியக்குநரே, ஐம்பத்தொன்பது ஆண்டுப் பழமையுடைய அதே பெயரை எள்ளற்குறிப்புடன் சூட்டி, ‘சதி லீலாவதி’ (1995) எடுத்தார். மனைவியின் பருத்த உடலை நாணும் கணவன், அவன் பொய்யைக் காக்கவும் உடைக்கவும் மாட்டாது தடுமாறும் நண்பன் சக்திவேல், கொங்குத் தமிழ் என நகை பெருகுகின்றது. பழம்பாடல்களிற் பாணன் பட்ட பாட்டினையே இந்நண்பனும் படுகின்றான். கணவன் இறுதியில் வீடு திரும்புகின்றான். லீலாவதியும் அவனை ஏற்கின்றாள். நகைச்சுவைப் படத்திற்கு அம்முடிவு வேண்டும் போலும்.