இறம்பொடையில் பிறந்த முதல் நாயகி

இலங்கைத் திரைப்பட வரலாற்றை எழுதப் புகுந்தவர் எவரும் ருக்மணி தேவியின் பெயரை எழுதாமல் முதல் பக்கத்தைத் தாண்ட முடியாது. அந்தப் பெயருக்குரியவர் நம் மலைகளுக்கிடையே பிறந்தவர் என்பதை இம்மலரில் பதிந்து வைப்பது மலையகத்தார் அனைவரின் கடமையாகும்.

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் புசல்லாவையைக் கடந்தால் இறம்பொடை வரும். இன்று பலருக்கு அந்த ஊரென்றால் நீர்வீழ்ச்சியும் ஆஞ்சநேயர் கோயிலுமே நினைவுக்கு வருகின்றன. 1923ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் அங்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. டெய்சி இராசம்மா டேனியல்ஸ் என்று பெயரிட்டார்கள். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்டு அப்போது 56 ஆண்டுகளே ஆகியிருந்தன. கோப்பிக் காடுகள் இருந்த சுவடே தெரியாமல் மலைச்சரிவெல்லாம் தேயிலையாகிவிட்ட காலம் அது. கங்காணிமாரோடு மன்னார்க் காட்டுப் பாதையில் நடந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் லயங்களில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

இராசம்மா லயத்துப் பிள்ளையல்லர். கொழும்புச் செட்டி சமூகத்தைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம் அவருடையது. சிறு வயதிலேயே கொழும்புக்குப் போய் அங்கேதான் படித்தார். இதைச் சுட்டிக்காட்டி அவரை நம் கணக்கில் சேர்க்கத் தயங்குவோரும் உண்டு. பிறந்த மண் உரிமை கொண்டாட அவ்வளவு கணக்குப் பார்க்க வேண்டியதில்லை என்பது இதை எழுதுபவரின் கருத்து. 1917இல் கண்டியில் பிறந்து சென்னையில் வாழ்ந்த எம்.ஜி.ஆரை நாம் விட்டுக் கொடுத்ததுண்டா?

1930களில் ஒரு பெண் மேடையேறுவது எத்தனை பெரிய காரியம் என்பதை நம் தோட்டங்களை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். மாசி மாதத்தில் கம்பம் ஊன்றிக் காமன் கூத்து நடக்கும். விடிய விடிய தப்பும் பாட்டுமாக லயத்து முற்றம் அதிரும். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து காமனை எரித்ததும் ரதி தலைவிரித்து ஒப்பாரி வைக்கும்போது, சுற்றி நிற்கும் பெண்கள் தங்கள் வீட்டுச் சாவை நினைத்து அழுவார்கள். ஆனால் அந்த ரதி ஓர் ஆண். சேலையும் கொண்டையும் வளையலும் பூண்ட ஆண். பெண்களின் துயரத்தையும் ஆண்களே ஆடிக் காட்டினார்கள்.

அந்தப் பத்தாண்டிலேயே இரண்டு பெண்கள் பொதுமேடையில் வாய் திறந்தார்கள். ஒருவர் மீனாட்சியம்மாள். கோ. நடேசய்யர் 1931இல் அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவி ஹட்டனிலிருந்து நடத்தியபோது, அவருடைய துணைவியாரான இந்த அம்மையார் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடினார். கூட்டம் சேர்வதற்கு அவருடைய குரலே போதும் என்பார்கள். மற்றவர் இறம்பொடையில் பிறந்த இராசம்மா. பன்னிரண்டு வயதளவிலேயே இராமாயணச் சிங்கள நாடகமொன்றில் சீதையாக நடித்துப் பேர் வாங்கினார். சீதை சிறையிருந்ததாக நாம் வணங்கும் சீதாஎலியாவும் நுவரெலியாப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த வேடம் அவருக்கு வாய்த்ததை எண்ணி நம்மவர் மகிழ்வதில் தவறில்லை. மேடைக்கு வந்த பின் டெய்சி இராசம்மா ருக்மணி தேவியானார்.

அந்தப் பத்தாண்டு முடிவதற்குள், எச்.டபிள்யூ. ரூபசிங்கவுடன் அவர் பாடிய பௌத்த பக்திப் பாடல் எச்.எம்.வி. இசைத்தட்டாக வெளிவந்தது. அந்நாளைய இசைத்தட்டு ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஓடும். சாவி கொடுத்து, ஊசி மாற்றி, தட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்க வேண்டும். அந்த மூன்று நிமிடத்துக்குள் கேட்பவரைப் பிடித்து வைக்க வேண்டும். தமிழ்க் கிறிஸ்தவச் சிறுமி பாடிய புத்தர் பாட்டைச் சிங்கள நாடு தன் பாட்டாகவே ஏற்றுக்கொண்டது. யாரும் அவரிடம் சாதியோ சமயமோ கேட்டதாகத் தெரியவில்லை.

1940களில் அவருடைய வாழ்வு நீர்கொழும்பு மினர்வா நாடகக் குழுவோடு இணைந்தது. பி.ஏ.டபிள்யூ. ஜயமான்ன நாடகங்களை எழுதி நடத்தினார். அவருடைய தம்பி எடி ஜயமான்ன நகைச்சுவையில் வல்லவர். எடியையே ருக்மணி தேவி மணந்துகொண்டார். ஊரூராகக் கொட்டகை போட்டு, கிடைத்த வண்டியில் திரைச்சீலையையும் ஒப்பனைப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு அலைந்த குழு அது. இலங்கைச் சினிமா பிறந்தது அந்தக் குழுவின் உழைப்பிலிருந்துதான்.

மினர்வாவின் 'கடவுணு பொரொந்துவ' நாடகத்தைப் படமாக்க முன்வந்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். இயக்கியவர் ஜோதிஷ் சிங். இசை நாராயண ஐயர். படப்பிடிப்பு நடந்த இடம் மதுரை சித்ரகலா ஸ்டூடியோ. இலங்கையில் அன்று பேசும்பட ஸ்டூடியோ எதுவும் கிடையாது. கடல் கடந்து போய், பழக்கமில்லாத ஊரில், விளக்குச் சூட்டில் நின்று, நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பழகிய குரலை ஒலிவாங்கிக்காக அடக்கிப் பேசக் கற்றுக்கொண்டார்கள். 1947 ஜனவரி 21ஆம் நாள் கொழும்பில் படம் வெளியாயிற்று. முதல் சிங்களப் பேசும்படம் அதுவே. அதன் கதாநாயகி ரஞ்சனியாக நடித்தவர் ருக்மணி தேவி. தன் பாட்டைத் தானே பாடி நடித்தார். நாட்டின் முதல் பேசும்பட நாயகி, முதல் பாடும் நட்சத்திரம் என்ற இரு பெருமைகளும் ஒரே நாளில் அவரை வந்தடைந்தன.

அந்த ஆண்டுப் பொதுத்தேர்தலில் நுவரெலியாத் தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வந்து நம்மவரை நாடற்றவராக்கியது. தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. கொழுந்துக் கூடையைச் சுமந்த நம் பெண்களின் பெயர் வாக்காளர் இடாப்பிலிருந்து வெட்டப்பட்ட அதே நாட்களில், இறம்பொடையில் பிறந்த தமிழ்ப் பெண்ணின் பெயர் நாடெங்கும் சுவரொட்டிகளில் மின்னியது. இந்த முரணைப் பற்றி எவ்வளவோ எழுதலாம். இம்மலரில் அதற்கு இடம் போதாது.

1948இல் 'கபடி ஆரக்ஷகய', பின்னர் 'செங்கவுணு பிளிதுர', 'உமது விஸ்வாசய' எனப் படங்கள் தொடர்ந்து வந்தன. மினர்வா நாடகங்கள் ஒவ்வொன்றாகத் திரைக்கு வந்தபோது எடி சிரிக்க வைத்தார், ருக்மணி தேவி அழ வைத்தார். கந்தானையில் நாயகம் சொந்தமாக ஸ்டூடியோவும் அமைத்தார். சிங்களச் சினிமாவின் தொடக்கத்தில் தமிழரின் முதலும் உழைப்பும் இருந்தன என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டியதில்லை.

1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' படத்துக்காகப் படப்பிடிப்பை ஸ்டூடியோவுக்கு வெளியே, கிராமத்துக்கே கொண்டுபோனார். நாடகத்தனமான நடிப்புக்கு மவுசு குறையத் தொடங்கியது. புதுமுகங்கள் வந்தார்கள். ருக்மணி தேவிக்குப் பட வாய்ப்புகள் சுருங்கின. ஆயினும் அவர் ஒதுங்கவில்லை. 1960களிலும் அதன் பின்னும் இசை மேடைகளே அவருடைய பிழைப்பாயின. ஊர் ஊராகப் போய், இரவு வெகுநேரம் வரை பழைய பாடல்களைப் பாடினார். நாடகக் கொட்டகையில் பழகிய உடம்புக்கு இந்த அலைச்சல் புதிதன்று.

இதே பத்தாண்டில் தமிழ்த் திரையும் இங்கு கண் விழித்தது. 1963இல் பி.எஸ். கிருஷ்ணகுமாரின் 'தோட்டக்காரி' வெளிவந்தது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, படம் பார்த்த சனத்திலேயே ஒரு பகுதி இந்தியாவுக்குக் கப்பலேறக் காத்திருக்க வேண்டிய நிலையும் வந்தது. 1975இல் வி.பி. கணேசன் 'புதிய காற்று' படத்தைத் தந்தார். தொழிற்சங்கத் தலைவர் ஒருவரே மலையக வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்தது நமக்குத் தனிப்பெருமை.

ருக்மணி தேவியைத் தள்ளி வைத்த புதிய சினிமாவே அவரைத் திரும்ப அழைத்ததும் உண்டு. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'அஹஸின் பொலவட்ட' படத்தில் அவர் நடித்தார். 1978இல் அப்படம் வெளிவந்தது. அவ்வாண்டு அக்டோபர் 28ஆம் நாள், மாத்தறையில் இசை நிகழ்ச்சி முடித்து நீர்கொழும்புக்குத் திரும்பும் வழியில், ஜாஎல பகுதியின் துடெல்லவில் நேர்ந்த வாகன விபத்தில் அவர் உயிர் நீத்தார். அப்போது வயது 55. கடைசிப் பயணமும் மேடையிலிருந்து வீட்டுக்குப் போன பயணமாகவே அமைந்தது. நீர்கொழும்பில் அவருக்குச் சிலை எழுந்தது.

அவர் மறைந்த அந்த 1978இல்தான் வி.பி. கணேசனின் 'நான் உங்கள் தோழன்' திரைக்கு வந்தது. அதையடுத்து 1981இல் 'நாடு போற்ற வாழ்க' வெளியானது.