சேப்பாக்கம்: கல் மாறியும் களம் மாறவில்லை

பட்டினப்பாக்கத்திலிருந்து சாந்தோமைக் கடந்து மெரினாவின் ஓரமாகவே வடக்கே சென்றால், வாலாஜா சாலையில் சேப்பாக்கம் விளையாட்டரங்கம் நம்மை எதிர்கொள்ளும். 1846-இல் ஐரோப்பியர் தமக்கெனத் தொடங்கிய மதராஸ் கிரிக்கெட் கழகம் பின்னர் குடியேறிய களம் இது. 1934 நவம்பரில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் இங்கேதான் நிகழ்ந்தது. மைசூரை மதராஸ் அணி ஒரே நாளில் வென்றது. 1952 பிப்ரவரியில் இங்கிலாந்தை வீழ்த்தி, இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை ஈட்டியதும் இம்மண்ணிலேயே. வினூ மன்கட் அன்று 12 விக்கெட்டுகளைச் சாய்த்தார்.

காலப்போக்கில் மரநிழல் போயிற்று. சுற்றி எழுந்த கான்கிரீட் மாடங்கள் கடற்காற்றை மறித்தன. 2011-இல் நிறைவுற்ற சீரமைப்பு, இலேசான கூரையாலும் மாடங்களுக்கிடையே விட்ட இடைவெளியாலும் அக்காற்றுக்கு மீண்டும் வழிவிட்டது. ஆயினும் அனுமதிச் சிக்கலால் புதிய மாடங்கள் மூன்று பல்லாண்டுகள் பூட்டியே கிடந்து, பிறகே திறந்தன. 2023 மார்ச்சில் மற்றொரு புதிய மாடமும் திறக்கப்பெற்றது.

பழைய கட்டடங்களில் எஞ்சியது சொற்பமே. எனில், எதனைப் பழமை என்று போற்றுவது? 1999 ஜனவரி 31 அன்று பாகிஸ்தானிடம் இந்தியா 12 ரன்களில் தோற்றது. கணநேரம் உறைந்த அவை எழுந்து நின்று, வென்றவர்களைக் கைதட்டி வாழ்த்தியது. மாற்றாரின் திறனையும் மதிக்கும் அந்தச் சுவையுணர்வே இவ்வரங்கின் அடித்தளம். கவிஞர் அவைக்கும் அதுவே உயிர். மாடங்களைப் பொறியாளர் புதுப்பிப்பர். அதனைப் புதுப்பிக்க வேண்டியவர் அவையோரே.