யாருக்குச் சலுகை? எதற்காகச் சலுகை?

கோவை மாநகரில் அவிநாசிச் சாலையை ஒட்டி அமைந்துள்ள பீளமேட்டை அறியாதார் கொங்கு நாட்டில் இலர். நூறாண்டுகளுக்கு முன் இது பருத்திக் காடுகள் சூழ்ந்த ஒரு சிற்றூர். பின்னர் இங்குப் பஞ்சாலைகள் எழுந்தன. 1926-இல் பி. எஸ். ஜி. அறநிலையம் நிறுவப்பட்டது. 1940-இல் விமான நிலையமும், 1951-இல் பொறியியல் கல்லூரியும் வந்தன. 2010-இல் அருகிலுள்ள விளாங்குறிச்சியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. 2025-இல் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலம் அமைந்தது.

இவை ஒவ்வொன்றும் வந்தபோது சுற்றியுள்ள நிலத்தின் விலை ஏறியது. நிலத்துக்குரியவர் அதில் ஒரு செங்கல்லையும் வைக்கவில்லை. அரசும் நிறுவனங்களும் பொதுமக்களும் செய்த முதலீடே அந்த ஏற்றத்திற்குக் காரணம். சாலையும் பாலமும் இவ்வாறு விலையை ஏற்றுவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் விலையை ஏற்றக்கூடியவை வேறு சில உண்டு. அவை அரசு அலுவலகத்தில் தாளின்மீது எழுதப்படுபவை.

ஓர் எண்ணின் மதிப்பு

ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதை வரையறுக்கும் எண்ணுக்குத் தளப்பரப்புக் குறியீடு என்று பெயர். எல்லா மாடிகளின் மொத்தப் பரப்பை மனையின் பரப்பால் வகுத்தால் கிடைப்பது இது. 10 சென்ட் மனையை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு 4,356 சதுர அடி. குறியீடு 1.5 எனில் 6,534 சதுர அடி கட்டலாம். அதுவே 2 ஆனால் 8,712 சதுர அடி கட்டலாம். ஒரு சென்ட் நிலமும் கூடுதலாக வாங்காமலே 2,178 சதுர அடி விற்பனைக்குக் கிடைத்துவிடுகிறது! விவசாய நிலம் என்று வரைபடத்தில் குறிக்கப்பட்டதைக் குடியிருப்புப் பகுதி என்று மாற்றினாலும் இத்தகைய ஆதாயமே ஏற்படும்.

இச்சலுகைகள் தம்மளவில் தீயவை அல்ல. நகரம் வளர வேண்டும், வீடுகள் வேண்டும். ஆனால் கூடுதலாகக் கட்டிய மாடிகளுக்குத் தண்ணீர் வேண்டும். கழிவுநீர் வெளியேற வேண்டும். வண்டிகள் நிற்க இடம் வேண்டும். அந்தச் சுமை சிறுவாணி, பில்லூர்க் குடிநீர்த் திட்டங்களின்மீதும், தெருவின்மீதும், அண்டை வீட்டார்மீதும் விழுகிறது. ஆதலால் ஒவ்வொரு சலுகையும் பொதுமக்கள் பெயரால் செய்யப்படும் ஒரு கொடுக்கல் வாங்கலே. என்ன கொடுத்தோம், என்ன பெற்றோம், ஏன் கொடுத்தோம் என்ற மூன்றும் எழுத்தில் இருந்தால்தான் கணக்குப் பார்க்க முடியும்.

அறுபத்திரண்டு ஆணைகள்

இந்தச் சிந்தனை நமக்குப் புதியதன்று. 1920-ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டமே, திட்டத்தால் நிலமதிப்பு உயர்ந்தால் அவ்வுயர்வில் ஒரு பங்கை உரிமையாளரிடமிருந்து பெறலாம் என்று கூறியது. அதற்குப் பதிலாக வந்த 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், முழுமைத் திட்டங்களைத் தயாரிக்க வகை செய்தது. அதே சட்டத்தின் 113-ஆம் பிரிவு, எந்த நிலத்திற்கும் கட்டடத்திற்கும் சட்ட விதிகளிலிருந்து விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது.

1987 ஜூலை முதல் 1988 ஜனவரி வரையிலான ஏழு மாதங்களில் இப்பிரிவின்கீழ் 62 அரசாணைகள் பிறந்தன. தளப்பரப்பு, கட்டடத்தைச் சுற்றி விடவேண்டிய இடைவெளி, வண்டி நிறுத்துமிடம் போன்ற விதிகளை மீறிய கட்டடங்களுக்கு அவை விலக்களித்தன. சென்னையிலுள்ள நுகர்வோர் செயற்குழு என்னும் அமைப்பு இவற்றை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது. 2000-ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. விலக்களிக்கும் அதிகாரம் செல்லும் என்று நீதிமன்றம் கூறியது. ஆயினும் அதிகாரம் எவ்வளவு விரிவாயினும், சட்டத்தின் நோக்கத்திற்கு இசையவே அதைப் பயன்படுத்த வேண்டும் என்றும், விலக்குக்குரிய காரணங்கள் அந்த ஆணைகளில் காணப்படவில்லை என்றும் குறை கூறியது.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். காரணம் எழுதப்படாத ஆணையைத் தவறு என்று மெய்ப்பிப்பதும் கடினம். சரி என்று மெய்ப்பிப்பதும் கடினம். நேர்மையாகச் சலுகை பெற்றவரும் அதனால் ஐயத்திற்கு ஆளாகிறார்.

இதற்கிடையே, 1998-இல் 113-ஏ என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த அது வழி செய்தது. ஒருமுறை மட்டும் செய்யப்படும் ஏற்பாடு என்பதால் நீதிமன்றம் அதை ஏற்றது. ஆனால் 2000, 2001, 2002 ஆகிய ஆண்டுகளில் அதற்கான கெடுநாள் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. இந்த நீட்டிப்புகளை 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதவை ஆக்கியது. விதிப்படி கட்டியவன் ஏமாளி என்ற எண்ணம் பரவினால் எந்தத் திட்டமும் நிலைக்காது அல்லவா?

நியூயார்க் கற்ற பாடம்

கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டையும் காண்போம். நியூயார்க் நகரம் 1961-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. கட்டடத்தின் முன் பொதுமக்களுக்காகத் திறந்த முற்றம் அமைப்போருக்குக் கூடுதல் தளப்பரப்பு வழங்கப்பட்டது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து அனைத்தையும் பட்டியலிட்டுப் பார்த்தனர். 320 கட்டடங்களில் 503 பொது இடங்கள் இருந்தன. அவற்றில் 41 விழுக்காடு மக்களுக்கு அதிகம் பயன்படாதவை என்று 2000-இல் வெளியான ஆய்வு காட்டியது. சில இடங்கள் பூட்டிக் கிடந்தன. சில தனியார் பயன்பாட்டில் இருந்தன. கட்டட அதிபர்கள் பெற்ற கூடுதல் பரப்போ 1 கோடியே 60 இலட்சம் சதுர அடி! பட்டியல் வெளிவந்த பின்னரே, எந்த முற்றத்தில் அமரத் தமக்கு உரிமை உண்டு என்பதை மக்கள் தெரிந்துகொண்டனர்.

நம்மூர் 'ரிசர்வ் சைட்' இதற்கு நெருங்கிய உறவு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 விழுக்காடு நிலத்தைப் பூங்கா போன்ற பொதுப் பயன்பாட்டிற்கு உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தரவேண்டும். பத்திரமும் வரைபடமும் யார் பார்வைக்கும் கிட்டாவிடில், அந்த நிலம் பூங்காவா, வேறொருவர் வேலிக்குள் போனதா என்பதை எவரும் அறியார்.

நம் கையிலுள்ள கருவிகள்

கோவைக்கு 1994-இல் முழுமைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. திருத்திய வரைவு மக்கள் கருத்துக்கு வந்தது 2024-இல்தான். திட்டம் பழையதாகப் பழையதாகத் தனித்தனி விண்ணப்பங்களின் பேரில் நிலப்பயன்பாட்டை மாற்றும் தேவை பெருகும். பொதுவிதி தளர்ந்து தனிச்சலுகை வளரும் இடம் இதுவே.

சட்டம் நமக்குச் சில கருவிகளைத் தந்துள்ளது. 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வரைவுத் திட்டம் பற்றிய அறிவிப்பை அரசிதழிலும் நாளேடுகளிலும் வெளியிட்டு, குறைந்தது இரண்டு மாதக் காலம் ஆட்சேபங்களைப் பெறவேண்டும். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. சலுகையும் அனுமதியும் பெற்றோரின் விவரங்களை, எவரும் கேளாமலே, அலுவலகங்கள் தாமே வெளியிட வேண்டும் என்கிறது. முடிவால் பாதிக்கப்பட்டோருக்குக் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. 62 ஆணைகளில் இல்லாதிருந்தது எதுவோ, அதுவே இன்று சட்டத்தின் கட்டளை.

எனினும் ஆணை ஓரிடத்திலும், வரைபடம் வேறிடத்திலும், தானப் பத்திரம் மற்றோரிடத்திலும் கிடந்தால் பயன் என்ன? பீளமேட்டில் ஒரு மனைக்குக் கூடுதல் மாடி அனுமதிக்கப்பட்டால், அதன் பரப்பு, செலுத்திய கட்டணம், ஒதுக்கிய பொது இடம், அனுமதித்த காரணம் ஆகிய நான்கும் ஒரே தாளில் தமிழில் எழுதப்பட்டு, வார்டு அலுவலகத்தில் வைக்கப்படவேண்டும். அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. அத்தாளைப் பார்க்கச் சென்று கேட்பது அந்தத் தெருவில் குடியிருப்போரின் வேலை.